வாப்பாவுக்குப் பேர் தெரியாத கல்

பேருவளை சீனன்கோட்டையில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் வடக்குப் பார்த்து ஒரு மேசை கிடந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை அதில் விழும் வெளிச்சத்தில்தான் வாப்பா கல் பார்ப்பார். நேர் வெயில் கல்லுக்கு இல்லாத ஒளியைக் கொடுக்கும், மழைமூட்டம் இருக்கிற ஒளியையும் குடித்துவிடும் என்பது அவருடைய கணக்கு. 1968இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மேசைக்குக் கீழே உட்கார்ந்து, தவறி விழும் கற்களைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை.

இரத்தினபுரி, இரக்குவானை, பெல்மதுளைப் பக்கங்களிலிருந்து வந்த பொட்டலங்களை வாப்பா பிரித்து, விரல் நுனியால் தள்ளித் தள்ளிக் கூறு போடுவார். நீலம் ஒரு பக்கம். புஷ்பராகம் ஒரு பக்கம். வைடூரியம் தனியே, வெள்ளைத் துணியின் மேல். எல்லாம் பிரித்து முடிந்த பிறகு மேசையின் இடது மூலையில் ஒரு சிறு குவியல் மிஞ்சும். தவிட்டு நிறம், சாயத் தண்ணி நிறம், கருப்பட்டிப் பாகு நிறம். சிர்கோன், தோரமல்லி, கோமேதகத்தில் கழிந்தது என்று பல இனம் அதற்குள் கலந்து கிடக்கும். வாங்க வந்தவர் நீலக் கல்லின் விலையில் பிடிவாதம் பிடித்தால், அந்த மூலையிலிருந்து இரண்டு கல்லை எடுத்து அவருடைய பொட்டலத்தில் வைத்து, "இதையும் வச்சுக்கொள்ளுங்கோ" என்பார் வாப்பா. பேரம் முடிந்துவிடும்.

அந்தக் குவியலில் ஒரு கல்லை மட்டும் எல்லோரும் 'பிரவுன் பெரிடொட்' என்றார்கள். தரகர்கள் அப்படிச் சொன்னார்கள், பட்டை தீட்டுகிறவர் அப்படிச் சொன்னார், கொழும்பு நகைக்கடைக்காரர்களும் அப்படியே சொன்னார்கள். ஐகிளாஸ் என்ற உருப்பெருக்கியில் பார்த்தால் பெரிடொட்டைப் போலவே பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். அதே கண்ணாடிப் பளபளப்பு. நிறம் மட்டும் பழுப்பு.

வாப்பா அந்தப் பேரை முழு மனதோடு சொன்னதில்லை. ஒருநாள் அப்படிப்பட்ட கல் ஒன்றைச் சாமணத்தில் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டியபடி என்னிடம் கேட்டார்: "மகன், பெரிடொட் எண்டா பச்சை. என்ட கையிக்கு வந்த பச்சைப் பெரிடொட் எல்லாம் பர்மாக் கல்லு. நம்மட இல்லத்தில பிரவுன் மட்டும் வருது, அதோட பச்சை வாறதே இல்ல. அது ஏன்?" இல்லம் என்றால் மாணிக்கம் படிந்திருக்கும் சரளைப் படுகை. எனக்குப் பதில் தெரியவில்லை. "இது வேற கல்லு. என்னெண்டு சொல்ல எனக்குப் பேரில்ல" என்று சொல்லிவிட்டு அதை இடது மூலைக்கே தள்ளினார்.

முப்பது வருடம் கல் பார்த்த ஒருவரின் கேள்வி அது. சரியான கேள்வி. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அடுத்த வருடம் வெளிநாட்டவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அமைதியான மனிதர். நீலக் கற்களைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்துவிட்டு, இடது மூலைக் குவியலைப் பார்க்கலாமா என்று கேட்டார். அதில் இருபது கரட்டுக்கு மேல் எடையுள்ள கல் ஒன்று இருந்தது. தேன் நிறம், உள்ளே ஒரு மாசும் இல்லை. பையிலிருந்து கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, அதன் மேலிருந்த கண்ணாடியில் ஒரு துளி திரவம் விட்டு, கல்லைக் கவிழ்த்து வைத்து, ஒரு கண்ணைப் பெட்டியின் துளையில் பதித்தார். பிறகு விரல் நுனியால் கல்லை மெல்ல மெல்லத் திருப்பினார். ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. நான் மேசைக்குக் கீழிருந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விலை கேட்டார். வாப்பா பிரவுன் பெரிடொட்டுக்கு உரிய விலையைச் சொன்னார். அவர் ஒரு சதமும் குறைக்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.

பேரம் பேசாமல் ஒருவர் கல் வாங்கிப் போனால் எங்கள் ஊரில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. வாப்பா இஷாத் தொழுகை முடிந்து வந்தும் விறாந்தையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த விரலின் பொருள் எனக்கு 1981இல்தான் விளங்கியது. கொழும்பில் ஒரு மாலை வகுப்பில் இரத்தினவியல் படிக்கச் சேர்ந்திருந்தேன். ரிஃப்ரக்டோமீட்டர் என்ற அதே கறுப்புப் பெட்டி என் முன்னால். ஒளி கல்லுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். பெரிடொட் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் இனம், அதனால் இரண்டு நிழற்கோடுகள் தெரியும், ஒன்று 1.65 அருகில், மற்றது 1.69 அருகில். கல்லைத் திருப்பினால் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நகரும். ஆசிரியர் எனக்குக் கொடுத்த பழுப்புக் கல்லிலோ கோடுகள் 1.67இலும் 1.71இலும் நின்றன. திருப்பினேன். சிறிய எண்ணைக் காட்டிய கோடு நெடுந்தூரம் நடந்துபோய் நடந்து வந்தது. பெரிய எண்ணைக் காட்டிய கோடு இருந்த இடத்தில் இலேசாக அசைந்ததோடு சரி. இன்னொரு சுற்றுத் திருப்பினேன். அதே நடை.

"இது சின்ஹலைட்" என்றார் ஆசிரியர். "1952 வரைக்கும் இதை உலகமே பெரிடொட் என்றுதான் சொன்னது."

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய அந்த விரல் என் கண்ணுக்குள் மறுபடி சுழன்றது.

லண்டனில், இன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்று அழைக்கப்படும் இடத்தில், கிளாரிங்புல் என்ற படிகவியலாளரும் மக்ஸ் ஹே என்ற வேதியியலாளரும் அந்தப் பழுப்புக் கல்லை முழுமையாக ஆராய்ந்து, இது பெரிடொட் அல்ல, இதுவரை பேரிடப்படாத புதுக் கனிமம் என்று 1952இல் வெளியிட்டார்கள். மகனீசியம், அலுமினியம், போரன், ஒட்சிசன் இவற்றால் ஆன போரேட். வந்த ஊரை வைத்து, 'சிங்கள' என்ற இலங்கையின் பழைய சமஸ்கிருதப் பேரிலிருந்து சின்ஹலைட் என்று பேரிட்டார்கள். எங்கள் தீவின் பேரையே தாங்கிய கல் அது. பேர் வைத்துப் பதினேழு வருடம் கழிந்த பின்பும் அந்தத் தீவில், கல்லையே பிழைப்பாகக் கொண்ட வீட்டில், அந்தக் கல்லை வேறு பேர் சொல்லி விற்றிருக்கிறோம். லண்டனில் அச்சான சஞ்சிகை சீனன்கோட்டைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் வாப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தமிழில் அப்படி ஒரு நூல் இருந்திருந்தால் அவர் அதை மனப்பாடமே செய்திருப்பார்.

அன்றிரவு கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போய் வாப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "அப்ப நான் நெனச்சது சரி" என்றார். பிறகு, "அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல்ல. கேட்ட வெலையத் தந்துட்டுத்தான் போனார், அவரில குத்தமில்ல" என்றார். இன்றைக்கும் நான் அந்தத் தீர்ப்பை முழுதாக ஏற்கவில்லை. அறிவைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு வாங்குவது வியாபாரம்தான்; அதை நேர்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிடொட்டும் சின்ஹலைட்டும் ஏன் இப்படி இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கின்றன என்பது வகுப்பில் படித்தபோது என்னை வியக்கவைத்த விஷயம். பெரிடொட்டில் இரண்டு மகனீசியமும் ஒரு சிலிக்கனும் நான்கு ஒட்சிசனும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். சின்ஹலைட்டில் அடுக்கு அதேதான். சிலிக்கன் இருந்த அறையில் போரன் குடியேறிவிட்டது. சிலிக்கனுக்கு மின்னேற்றம் நான்கு, போரனுக்கு மூன்று, ஒன்று குறைகிறது. அதைச் சரிக்கட்ட ஒரு மகனீசியம் வெளியேறி, ஓர் ஏற்றம் கூடுதலான அலுமினியம் அந்த இடத்துக்கு வந்தது. கணக்கு நேரானது. வீடு ஒன்று, குடியிருப்பவர்கள் வேறு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வீடுதான் தெரியும், அதனால்தான் இத்தனை காலம் ஏமாந்தோம்.

போரன் என்றதும் ஏதோ எட்டாத பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தர் தங்கத்தைப் பற்றவைக்கும்போது தூவுகிறாரே வெண்காரம், அது போரேட். கரம் பலகையில் காய் வழுக்கப் போடும் வெள்ளைத் தூள் போரிக் அமிலம். ஆனாலும் பூமியின் மேலோட்டில் போரன் மிகச் சொற்பம். காபனும் ஒட்சிசனும் இரும்பும் நட்சத்திரங்களின் உலையில் உருவானவை. போரன் அப்படி உருவாவதில்லை. விண்வெளியில் பாயும் கதிர்கள் பெரிய அணுக்களை மோதி உடைத்ததில் சிதறிய துண்டுகளாகத்தான் பெரும்பாலும் அது உண்டானது. அப்படி உண்டானதில் ஒரு சிட்டிகை, சிலிக்கன் குறைந்த சுண்ணாம்புப் பாறையோடும் மகனீசியத்தோடும் அலுமினியத்தோடும் கடும் சூட்டில் ஒன்றுசேர வேண்டும். அதன் பிறகு மழையும் ஆறும் பாறையைக் கரைத்து, கல்லை மட்டும் சரளையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பர்மாவிலும் தன்சானியாவிலும் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலும் சின்ஹலைட் கிடைத்திருக்கிறது. பட்டை தீட்டிப் பெரிய கல்லாக எடுக்கக்கூடிய தரத்தில் பெரும்பாலும் கொடுத்தது எங்கள் சரளை. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 109.8 கரட் எடையுள்ள பழுப்புச் சின்ஹலைட் இருக்கிறது. இலங்கைக் கல்.

போரனுக்கும் இந்தத் தீவுக்கும் உள்ள உறவு சின்ஹலைட்டோடு தொடங்கியதும் அல்ல. 'டூமலின்' என்று உலகம் சொல்லும் கல்லின் பேர் எங்கள் தோரமல்லியிலிருந்து போனது. 1703 அளவில் ஒல்லாந்தர் கொண்டுபோன இலங்கைக் கற்களோடு அந்தச் சொல்லும் ஆம்ஸ்டர்டாமில் இறங்கியதாகச் சொல்வார்கள். சூடாக்கினால் அது சாம்பலை இழுப்பதைக் கண்டு 'சாம்பல் இழுப்பான்' என்றும் ஒல்லாந்தர் அதை அழைத்தார்கள். தோரமல்லியிலும் போரன் உண்டு. அடுத்தது செரண்டிபைட். கண்டி மாவட்டத்தில் அம்பகோட்டைக்கு அருகே கங்கபிட்டியவில் கிடைத்த இந்த நீல நிறக் கனிமத்தை 1903இல் பிரையர் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து உலகுக்கு அறிவித்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஆம், நடராசர் வடிவத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். கலையை எழுத வருவதற்கு முன் அவர் இலங்கைக் கனிம ஆய்வுப் பணியின் தலைவராகச் சுத்தியலோடு மலையேறிய புவியியலாளர். எங்கள் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பாதியை விட்டுவிடுகிறோம். விடக்கூடாது. செரண்டிப் என்பது அரபிகள் இந்தத் தீவுக்கு இட்ட பேர். ஆக, போரன் கலந்த மூன்று கனிமங்கள் எங்கள் மண்ணைக் காட்டும் பேரோடு உலக அகராதியில் இருக்கின்றன: ஒன்று சிங்களச் சொல், ஒன்று அரபுச் சொல், ஒன்று சமஸ்கிருதச் சொல்.

இனி இன்றைய கதை.

விறாந்தை மேசை இப்போதும் இருக்கிறது. பேரம் பெரும்பாலும் போனில் நடக்கிறது. கல்லை இரண்டு விரலிடுக்கில் பிடித்து வெள்ளை எல்ஈடி விளக்கின் கீழ் அப்படியும் இப்படியும் அசைத்து வீடியோ எடுத்து பாங்கொக்குக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்புகிறார்கள். வாப்பா வேண்டாம் என்ற இல்லாத ஒளியை அந்த விளக்கு தாராளமாகக் கொடுக்கிறது. பழுப்புக் கல்லுக்கும் ஆள் வருகிறது. சீனாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் சேகரிப்பாளர்கள், "சின்ஹலைட் இருக்கிறதா?" என்று பேர் சொல்லிக் கேட்கிறார்கள். அந்தப் பேரை எங்கள் விறாந்தையில் அந்நியர் வாயால் முதலில் கேட்ட நாளில் எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அவர் மவுத்தாகி அப்போது ஆறு வருடம்.

பேர் பரவியதோடு புதிய தவறும் வந்துவிட்டது. அன்று சின்ஹலைட்டைப் பெரிடொட் என்றோம். இன்று பழுப்பாக எது கிடைத்தாலும் சின்ஹலைட் என்கிறார்கள். சென்ற வருடம் ஒரு தம்பி பதினோரு கல் கொண்டுவந்தான், எல்லாம் சின்ஹலைட் என்று. பார்த்ததில் நான்கு சிர்கோன். ரிஃப்ரக்டோமீட்டரில் கோடே விழவில்லை, அதன் எண் கருவியின் எல்லைக்கு அப்பால். ஐந்து தோரமல்லி, 1.62, 1.64 என்று மிகத் தாழ்வாக நின்றது. ஒன்று பழுப்புக் கிறிசோபெரில், 1.75 பக்கம். பதினொன்றில் ஒன்றுதான் சின்ஹலைட். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னவர் சொன்னதை நம்பினான், அன்று எங்கள் ஊர் நம்பியதைப் போல.

என் மகள் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் கல் பரிசோதிக்கிறாள். அவளிடம் இருக்கும் கருவிகளை நான் கனவிலும் கண்டதில்லை. ஒருநாள் அவளோடு உட்கார்ந்திருந்தபோது, எக்ஸ் கதிரை வீசி, திரும்பி வரும் கதிரிலிருந்து கல்லில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லும் கருவியில் ஒரு சின்ஹலைட்டை வைத்தாள். அலுமினியம், மகனீசியம், கொஞ்சம் இரும்பு என்று திரையில் வந்தது.

"போரன் எங்க மகள்?" என்றேன்.

"இதுக்குப் போரன் தெரியாது வாப்பா. அது ரொம்ப லேசான அணு. அதுலேர்ந்து வாற கதிர் அவ்வளவு பலவீனம், மெசினுக்கு வந்து சேராது."

லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவி. இந்தக் கல்லைப் போரேட் ஆக்குகிற அந்தத் தனிமம் அதன் கண்ணில் படவே இல்லை. அலுமினியம் இருக்கிறது, சிலிக்கன் இல்லை என்பதை வைத்துத்தான் சந்தேகப்பட முடியும். வாப்பாவும் பச்சை இல்லை என்பதை வைத்துத்தான் சந்தேகப்பட்டார். மகள் பிறகு கல்லை ராமன் கருவிக்கு மாற்றினாள். லேசர் ஒளியைக் கல்லில் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் கோலத்தைப் பதிவோடு ஒப்பிடும் கருவி அது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்டுபிடித்த விளைவுதான் அதற்கு அடிப்படை. சில நொடிகளில் திரையில் பேர் வந்தது. நான் 1981இல் கல்லைத் திருப்பித் திருப்பிக் கண்டதும், வெளிநாட்டவர் 1969இல் கண்டதும் அதே பேர்தான்.

விலையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்வது இது. அரிய கல் என்பதாலேயே விலை கூடிவிடாது. நல்ல நீலக் கல் சின்ஹலைட்டைவிட எத்தனையோ மடங்கு அதிகமாகக் கிடைக்கிறது. விலையும் எத்தனையோ மடங்கு அதிகம். மணப்பெண்ணுக்கு நீலம் வேண்டும், ராசிக்கு நீலம் வேண்டும், அரச குடும்பத்து மோதிரத்திலும் நீலம். சின்ஹலைட்டைத் தேடுகிறவர் சேகரிப்பாளர். ஒரு நல்ல கல் கிடைத்ததும் அவருடைய பெட்டியில் அந்த அறை நிரம்பிவிடும், இரண்டாவது கல்லுக்கு அவர் வரமாட்டார். ஆகவே கல்லின் தரம்தான் பேச வேண்டும். இருண்ட பழுப்பைவிட வைக்கோல் பொன்னிறமும் பச்சை கலந்த பொன்னிறமும் விரும்பப்படும். உள்ளே மாசு இருக்கக்கூடாது, ஏனென்றால் சுத்தமான கல் கிடைக்கிற இனம் இது, மாசுள்ளதை யாரும் பொறுக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் எடை குறையாதிருக்க அடிவயிறு பெருக்க வெட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. சேகரிப்பாளர் அந்தக் கல்லை வாங்கியதும் மறுபடி வெட்டக் கொடுக்கிறார், குறையப்போகும் எடையை முதலிலேயே கணக்கிட்டு விலையைக் கழித்துவிடுகிறார். ஆய்வுகூட அறிக்கை கல்லின் பேரைச் சொல்லும், விலையைச் சொல்லாது. அறிக்கையை நீட்டி, "இதுல என்ன வெல போட்டிருக்கு?" என்று கேட்டு வருகிறவர்களிடம் இதை வாரம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரிது என்பதும் நிலையான ஒன்றல்ல. பெயினைட் என்றொரு போரேட், பர்மாவின் மொகோக்கிலிருந்து வந்த சிவந்த கல். முதலில் மாணிக்கம் என்று எடுக்கப்பட்டது. 1957இல் அதற்குப் பேர் வைத்தவர்களிலும் அதே கிளாரிங்புல்லும் ஹேயும் இருக்கிறார்கள். பல பத்து வருடங்களுக்கு உலகத்தில் இரண்டு மூன்று படிகம்தான் இருந்தது, கின்னஸ் நூலும் அதை உலகின் மிக அரிய கனிமமாகப் பதிந்தது. 2000க்குப் பிறகு அது விளையும் பாறையையே மொகோக் பக்கம் கண்டுபிடித்தார்கள். இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எங்கள் கெவுட கதை அதற்கு நேர்மாறு. பால் கலங்கியது போன்ற அந்தக் கல்லை ஒன்றுக்கும் உதவாதென்று முற்றத்தில் கொட்டியிருந்தோம். 1970களில் தாய்லாந்துக்காரர்கள் வந்து வாளிக்கணக்கில் வாங்கிப்போய், உலையில் சூடாக்கி, நீலமாக்கி உலகத்துக்கே விற்றார்கள். நாம் வெப்பமூட்டக் கற்றுக்கொள்வதற்குள் முற்றம் காலியாகிவிட்டது.

சென்ற மாசியில் பெல்மதுளைக்கு அப்பால் ஒரு மாணிக்கக் குழிக்குப் போயிருந்தேன். நான் சின்னப் பையனாகப் பார்த்தபோது கைவாளியால் தண்ணீர் இறைத்தார்கள், இன்று மோட்டர். மற்றதெல்லாம் அதேதான். முழங்கால் வரை சேற்றுத் தண்ணீரில் நின்று கூடையைச் சுழற்றுகிறார்கள், இலேசான மண் விளிம்பால் வழிந்து போக, கனமான சரளை அடியில் தங்குகிறது. கூடையை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்த வயதான ஒருவர் இரண்டு பழுப்புக் கல்லை எடுத்து வேறாக வைத்தார். பேரைக் கேட்டேன். "பிரவுன்" என்றார். தரகர் என்ன விலை கொடுப்பார் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையில் அன்றைய சாப்பாட்டுச் செலவு கூட முடியாது. கையோடு கொண்டுபோயிருந்த கருவியில் வைத்துத் திருப்பினேன். ஒன்று தோரமல்லி. மற்றதில் சிறு எண் கோடு நடந்தது, பெரிய எண் கோடு நின்றது.

பேரைச் சொன்னேன். சின்ஹலைட் என்று ஒரு தாளில் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "நம்மட நாட்டுப் பேரா?" என்று கேட்டார். ஆமென்றேன். கல்லைப் பேருக்குரிய விலைக்கு வாங்கினேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எங்கள் வாசலில் 1969இல் நடக்காமல் போனது இது என்பதால் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் கல் வியாபாரிகள் இருப்பீர்கள். கல் மோதிரம் பரம்பரையாக வைத்திருக்கிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் பெட்டி மூலையில் 'பிரவுன்' என்று ஒதுக்கிய கல் இருந்தால் தயவுசெய்து ஒருமுறை சோதியுங்கள். கருவி இல்லையென்றாலும் கரட் தராசு ஒன்று போதும், பதிக்காத கல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காற்றில் ஒருமுறை நிறுங்கள், மெல்லிய கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஒருமுறை நிறுங்கள். முதல் எடையை, குறைந்த எடையால் வகுங்கள். பத்துக் கரட் பெரிடொட் தண்ணீரில் கிட்டத்தட்ட 2.99 கரட் இழக்கும், விடை 3.34 பக்கம் வரும். பத்துக் கரட் சின்ஹலைட் 2.87தான் இழக்கும், விடை 3.48 பக்கம் வரும். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், தூரிகையால் தடவிவிடுங்கள். 3.48க்கு அருகே வந்தால் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோங்கள். நிறமாலைமானியில் பார்ப்பவர் நீலப் பகுதியில் பெரிடொட்டுக்கு மூன்று கரும்பட்டைகளும் சின்ஹலைட்டுக்கு நான்கும் இருப்பதைக் காட்டுவார். கூடுதலான பட்டை 463 நானோமீட்டரில்.

கல் எந்த ஊரிலிருந்து, எந்த ஆற்றுச் சரளையிலிருந்து வந்தது என்பதைப் பொட்டலத்தின் மேல் எழுதி வையுங்கள். குழியிலிருந்து நேரே வாங்குகிறவர்களிடம் மட்டும் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: விலையைப் பேசும் முன் கல்லின் பேரைச் சொல்லிவிடுங்கள்.